முதல் நெடுந்தூர ட்ரையத்லன்: ஆறு மணித்தியாலமா, எட்டா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறார். வயது 34, அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். 400 மீற்றரை 11 நிமிடத்தில் நீந்துகிறார். 60 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டினால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். 10 கிலோமீற்றரை 65 நிமிடத்தில் ஓடுகிறார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் நெடுந்தூர ட்ரையத்லன் ஒன்றை எட்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஆசை. "அரைத்தூரத்தை ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்கலாமா? இல்லாவிட்டால் நேரே முழுத்தூரத்துக்கே பதியலாமா?"

தம்பி, முழுத்தூரத்தை இப்போது நினைக்க வேண்டாம். அது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதற்குரிய உடலை எட்டு மாதத்தில் கட்டலாம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு அது வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கும். எலும்பும் தசைநாரும் இதயத்தைப் போல வேகமாகப் பழகுவதில்லை, அதனால் மூச்சு நன்றாக இருக்கும்போதே முழங்காலும் குதிகாலும் முறையிடத் தொடங்கும். அரைத்தூரம், அதாவது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், உங்களுக்கு எட்டக்கூடியது. வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் ஒழுங்காகக் கிடைத்தால் போதும்.

அரைத்தூரத்துக்கு ஆறு மணித்தியாலம் என்ற எண்ணுக்கு வருவோம். அந்த எண் உங்கள் பயிற்சியிலிருந்து வரவில்லை, யாரோ ஒருவர் முடித்த நேரத்திலிருந்து வந்திருக்கிறது. ஆறு மணித்தியாலம் என்றால் நீச்சல் 45 நிமிடம், உடை மாற்றும் இரண்டு இடங்களுக்கும் சேர்த்து 9 நிமிடம், சைக்கிளில் மணிக்கு 31 கி.மீ., அதன் பிறகு ஒரு கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 12 விநாடி வேகத்தில் 21 கி.மீ. ஓட்டம். உங்கள் 10 கி.மீ. வேகமே கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம். மூன்று மணித்தியாலம் சைக்கிள் மிதித்துவிட்டு உச்சி வெயிலில் அதைவிட வேகமாக, இரண்டு மடங்கு தூரம் ஓடுவதாக நீங்கள் திட்டம் போடுகிறீர்கள்.

இப்போது உங்கள் சொந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நீச்சலுக்கு 400 மீற்றரின் நேரம் மட்டும் போதாது. ஒரே நாளில், இடையில் பத்து நிமிடம் ஓய்வு விட்டு, 400 மீற்றரையும் 200 மீற்றரையும் முழு மூச்சாக நீந்துங்கள். 400 இன் நேரத்திலிருந்து 200 இன் நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 மீற்றர் வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். 400 க்கு 11.00, 200 க்கு 5.10 என்று வந்தால் வித்தியாசம் 350 விநாடி. 100 மீற்றருக்கு 2 நிமிடம் 55 விநாடி. அந்த வேகத்தில் 1,900 மீற்றர் 55 நிமிடம் 25 விநாடி. கடலில் யாரும் நேர்கோட்டில் நீந்துவதில்லை. வளைந்து வளைந்து போவதில் நூற்றுக்கு ஐந்து கூடும். ஆகவே 58 நிமிடம். இது பாதுகாப்பான கணக்கு. அரைத்தூரத்தில் நீச்சலுக்கு வழக்கமாக 1 மணித்தியாலம் 10 நிமிடம் தருகிறார்கள். உங்களிடம் 12 நிமிடம் கையிருப்பு.

சைக்கிள் 24 இல் போனால் 90 கி.மீ. 3 மணித்தியாலம் 45 நிமிடம். ஓட்டத்துக்கு 10 கி.மீ. நேரத்தை 2.2 ஆல் பெருக்குங்கள்: 143 நிமிடம். இது களைப்பில்லாமல், குளிர்ந்த விடியலில் ஓடும் அரை மரதனின் நேரம். சைக்கிளால் இறங்கிய காலோடு, வெயிலில், நூற்றுக்குப் பதினைந்து கூட்டினால் 2 மணித்தியாலம் 45 நிமிடம். முதல் மாற்றத்துக்கு 7 நிமிடம், இரண்டாவதற்கு 5. எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 7 மணித்தியாலம் 40 நிமிடம்.

பெரும்பாலான அரைத்தூரப் போட்டிகளில் மொத்தக் கால எல்லை 8 மணித்தியாலம் 30 நிமிடம்; அதோடு நீச்சல் தொடங்கியதிலிருந்து 5 மணித்தியாலம் 30 நிமிடத்துக்குள் சைக்கிளால் இறங்கிவிட வேண்டும். நீங்கள் 4.50 இல் இறங்குவீர்கள். போட்டிக்குப் போட்டி இது மாறும், பதியும்போதே அந்தந்தப் போட்டியின் விதியை வாசித்துவிடுங்கள். சில இடங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் தண்ணீரில் இறங்கிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும், சில இடங்களில் முதல் ஆள் இறங்கியதும் எல்லாருக்கும் ஓடத் தொடங்கிவிடும். பின்வரிசையில் நிற்கிற புதியவருக்கு இதில் பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசம் உண்டு.

ஆக, உங்களுக்கு மூன்று எண்கள். 8.30 வெளிமதில், அதற்குள் உடம்பு பழுதில்லாமல் முடிப்பதுதான் முதல் இலக்கு. 7.40 இன்றைய உடலின் நியாயமான நேரம். எட்டு மாதப் பயிற்சியில் நீச்சல் 54 நிமிடத்துக்கும், சைக்கிள் சராசரி 26 க்கும், ஓட்டம் 2.35 க்கும் வந்தால் 7.09 கிடைக்கும், அதை 7.10 என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் கூடிவரும் நாளுக்குரிய எண் அது. ஆறு மணித்தியாலம் இரண்டாவது அல்லது மூன்றாவது போட்டியின் பேச்சு.

இந்த எண்களை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. புதியவர்களின் இலக்கு உடைவது பெரும்பாலும் ஓட்டத்தில் போலத் தெரியும். உண்மையில் அது சைக்கிளிலேயே உடைந்திருக்கும். காற்றுத் தடையை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. 24 இலிருந்து 27 க்கு வேகத்தைக் கூட்டினால், காற்றுக்காக மட்டும் செலவாகும் சக்தி நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுகிறது. அதில் மிச்சம் பிடிப்பது 25 நிமிடம். அந்தச் செலவால் ஓட்டத்தில் கால் இறுகி, 21 கிலோமீற்றரையும் நடந்தே முடிக்க வேண்டி வந்தால், கிலோமீற்றருக்கு 11 நிமிடம் வைத்தாலும் 3 மணித்தியாலம் 52 நிமிடம். 2.45 உடன் ஒப்பிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நட்டம், சில நேரம் போட்டியே நட்டம். அதனால் உங்கள் முதல் போட்டிக்கு நான் சொல்லும் இலக்கு ஒரு செய்கை: சைக்கிளால் இறங்கி முதல் ஐந்து கிலோமீற்றரை நடக்காமல் ஓட முடிய வேண்டும். அது சரியாக நடந்தால் நேரம் தானாகவே 7.40 பக்கம் வந்து நிற்கும்.

சைக்கிளில் அதற்குரிய அளவுகோல் சுலபமானது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். சொல்லுக்குச் சொல் இழுக்கத் தொடங்கினால் வேகம் கூடிவிட்டது. முதல் 30 கி.மீ. உங்களுக்குப் "போதாது, இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்" என்று தோன்ற வேண்டும். மிதிப்பு நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று. பாரமான கியரில் 60 சுற்றில் அழுத்தி மிதிப்பவரின் தொடை, ஓட்டத்தில் முதல் கிலோமீற்றரிலேயே கணக்குக் கேட்கும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலான நெடுந்தூரப் போட்டிகளில் தடை. 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். கூட்டாகச் சேர்ந்து ஓட்டிய பயிற்சியில் கிடைத்த சராசரியை இலக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனியே ஓட்டிய சராசரிதான் கணக்கு.

நமது கரையோரம் இதற்கு வாய்ப்பான இடம், ஆனால் அதற்கே உரிய பொறியும் உண்டு. கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை தாண்டி நிந்தவூர்ப் பக்கம் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கி.மீ. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏற்றம் இல்லாத வழியில் இறக்கமும் இல்லை. மிதிக்காமல் உருளும் ஓய்வு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. மூன்றே முக்கால் மணித்தியாலம் ஒரே இருப்பில் இருக்க வேண்டும். 60 கி.மீ. வரை ஒன்றும் தெரியாது. 70 க்கு மேல் இடுப்பும் கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப்போகும். அதற்காக ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் பத்து மிதிப்பு எழுந்து நின்று மிதித்துப் பழகுங்கள். இருக்கையின் உயரத்தையும் இப்போதே சரிபாருங்கள்: குதிகாலை மிதிகட்டையில் வைத்துக் கீழே தள்ளும்போது கால் நேராக வர வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது.

நேரம் இன்னொன்று. காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் அந்தக் கடைத்தெருவைக் கடைகள் திறக்குமுன் கடந்துவிட வேண்டும். கல்முனையும் சாய்ந்தமருதும் அப்படித்தான். காலை ஐந்துக்கு, சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்குப் போட்டுப் புறப்பட்டு, ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறை போகும் வீதி வயல்வெளி நடுவே போகிறது. அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள், உழவு இயந்திரச் சில்லிலிருந்து விழுந்த சேறு கட்டியாகக் காய்ந்து கிடக்கும். மெல்லிய ரயர் நெல்லின் மேல் ஏறினால் மணலில் ஏறியது போல வழுக்கும். பிரேக் பிடிக்காமல், வளைக்காமல், நேராகப் போய்விடுங்கள். இங்கினியாகல, உன்னிச்சை, மகாஓயாப் பக்கம் விடியுமுன் சைக்கிளில் போகவே வேண்டாம். யானை வீதியில் நிற்பது இருட்டில் மிக அருகில் போன பிறகுதான் தெரியும்.

காற்றுப் போவதும் இலக்கின் ஒரு பகுதி. வீதியோரத்து முள்ளும் உடைந்த போத்தலும் எப்போதும் இருக்கும். ஒரு ரியூப் மாற்ற உங்களுக்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? வீட்டு முற்றத்தில் பின்சில்லைக் கழற்றி, ரயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவி முள் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து, புதிய ரியூப்பில் சிறிது காற்று அடித்து உள்ளே வைத்து, ரயர் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் அகப்படவில்லை என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்து, பிறகு முழுக்காற்று அடியுங்கள். முள்ளைத் தேடாமல் மாற்றுகிறவர் அடுத்த கிலோமீற்றரில் மறுபடியும் நிற்பார். பத்து நிமிடத்துக்குள் முடியும் வரை ஐந்தாறு தடவை செய்யுங்கள். இரண்டு ரியூப், இரண்டு லீவர், ஒரு பம்ப் கட்டாயம். 7.40 என்ற எண்ணுக்கும் 8.30 என்ற எல்லைக்கும் நடுவில் உள்ள 50 நிமிடத்தில் ஒரு காற்றுப்போதலும் ஒரு வயிற்றுக் குழப்பமும் அடங்கும். அதற்காகத்தான் அந்த இடைவெளி வேண்டும்.

நீச்சலில் நமக்கு ஒரு வேறுபாடு உண்டு. இணையத்தில் பார்க்கும் ஐரோப்பியப் புதியவர்களின் நீச்சல் நேரங்களில் பல, மிதப்பைத் தரும் றப்பர் உடை போட்டு நீந்தியவை. பொதுவாக நீரின் வெப்பம் 24.5 பாகை செல்சியசுக்கு மேல் போனால் அந்த உடைக்கு இடமில்லை, அல்லது போட்டால் பரிசுக்குத் தகுதி இல்லை. நமது கடல் பெரும்பாலும் 28 ஐ ஒட்டி இருக்கும். ஆகவே அந்த நேரங்களோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். கால் அமிழ்ந்து போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

பயிற்சிக்கு வாவி வேண்டாம், குளங்களும் வேண்டாம். முதலை இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாலமீன்மடு முகத்துவாரத்தின் பக்கமும் இறங்காதீர்கள், வாவியும் கடலும் கலக்கும் இடத்தில் இழுவை நொடியில் மாறும். பாசிக்குடா நல்ல இடம்: வெகுதூரம் வரை ஆழம் குறைவு, அலையும் குறைவு, கரைக்குச் சமாந்தரமாக 300 மீற்றர் போய் 300 மீற்றர் வரலாம். அங்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும், களைத்தவுடன் எழுந்து நிற்பது. போட்டியில் காலுக்குத் தரை இருக்காது. ஒவ்வொரு பயிற்சியிலும் நிற்காமல் நீந்திய ஆகக்கூடிய தூரத்தை மட்டும் எழுதிவையுங்கள், மொத்தத் தூரம் முக்கியமில்லை. கல்லடிக் கடல் கரையிலேயே இறங்குகிறது, அலை கரையில் உடைகிறது. அங்கே பழகினால் போட்டியின் தொடக்கம் பயமாக இராது. ஆனால் தனியே போகாதீர்கள், இடுப்பில் கட்டும் செம்மஞ்சள் மிதவை இல்லாமல் போகாதீர்கள், இறங்குமுன் கரைவலைக்காரரிடம் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர்கள் வலை வளைத்திருக்கும் பக்கத்தைத் தவிர்ப்பதும் அந்தக் கேள்வியோடேயே முடிந்துவிடும். எட்டுக் கைவீச்சுக்கு ஒரு தடவை தலையை உயர்த்திக் கரையில் உள்ள ஒரு தென்னையையோ கட்டடத்தையோ பார்த்து நேர் பிடியுங்கள். வாய் அல்ல, கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும்.

போட்டி மாதத்தைத் தெரிவதும் இலக்கு வைப்பதுதான். கிழக்கில் ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை, மழை, கொந்தளிப்பு, வீதியில் வெள்ளம். 2018 இல் கொழும்பில் முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் 70.3 என்னும் அரைத்தூரப் போட்டி பெப்ரவரியில் நடந்தது. அப்படி ஒரு பெப்ரவரிப் போட்டிக்குப் பதிந்தால், மிக முக்கியமான பயிற்சி மாதங்கள் மாரியில் விழும். அதற்கு நீச்சல் தடாகமும், வீட்டில் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் ட்ரெயினரும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரைக்குள் நடக்கும் போட்டியைத் தேடுங்கள். ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும். பயிற்சி வேகம் குறையும், அதைக் கண்டு சோர வேண்டாம். றமழான் நோன்பு பிடிக்கும் நண்பர்கள் கூட இருந்தால் அந்த மாதத்தைக் கூட்டும் மாதமாக அல்லாமல் தக்கவைக்கும் மாதமாகத் திட்டமிடுங்கள்: இப்தாருக்கு முந்திய 40 நிமிடம் மெதுவாக, அல்லது இரவுத் தொழுகை முடிந்த பிறகு. நீண்ட சைக்கிள் ஓட்டம் அந்த மாதம் வேண்டாம்.

இனி வெயில். இதில்தான் நம் ஊரவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறோம். "நாங்கள் வெயிலில் பிறந்தவர்கள்" என்போம், ஆனால் பயிற்சி முழுவதும் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடியும். உங்கள் கணக்கையே பாருங்கள். காலை 6.30 க்குத் தொடங்கினால் 7.28 க்குக் கரையேறுவீர்கள், 7.35 க்குச் சைக்கிள் ஏறுவீர்கள், 11.20 க்கு இறங்குவீர்கள். ஓட்டம் 11.25 இலிருந்து பிற்பகல் 2.10 வரை. அந்த மணியில் நீங்கள் எப்போதாவது ஓடியிருக்கிறீர்களா? போட்டிக்கு முந்திய ஐந்து வாரங்களில், வாரத்துக்கு ஒரு நாள் காலை பத்தரைக்குப் புறப்பட்டு ஓடுங்கள். முதலில் 25 நிமிடம், பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டி 60 வரை. உடல் வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ச்சியான வெப்பம் வேண்டும் என்பதால் கடைசி இரண்டு வாரத்தில் சிறிய ஓட்டங்களையும் அந்த மணிக்கே மாற்றுங்கள். மயிர்க்கூச்சு, நடுக்கம், வியர்வை சட்டென நிற்பது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அதோடு நிறுத்தம். கூட வருகிறவருக்குச் சொல்லிவையுங்கள்: குழம்பிப் பேசுகிறவரை முதலில் தண்ணீரால் முழுக்க நனைத்துக் குளிர்விக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்கடுத்து.

வியர்வையை அளந்துவிடுங்கள். பத்தரை மணி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடை இல்லாமல், துடைத்துக்கொண்டு, தராசில் ஏறுங்கள். 60 நிமிட ஓட்டத்தில் 70 கிலோ 69 ஆகி, இடையில் அரை லீற்றர் குடித்திருந்தால், மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீற்றர் வியர்த்திருக்கிறது. ஓடும்போது வயிறு ஏற்றுக்கொள்வது அதிகம் போனால் 800 மில்லிலீற்றர் முதல் ஒரு லீற்றர். மிச்சத்தைக் குடித்துச் சரிக்கட்ட முடியாது. வேகத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். 15 நூற்றுவீதம் கூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், வியர்த்ததைவிடக் கூடுதலாக வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலையிடி, வாந்தி, வீக்கம், அதற்கு மேல் வலிப்பு வரை போகும். போட்டி முடிவில் எடை தொடக்கத்தைவிடக் கூடியிருந்தால் பிழையாகக் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விலை கூடிய ஜெல் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 60 கிராம் சீனி, தலைதட்டிய கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். கால் தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம். சீனி பாதி குளுக்கோஸ், பாதி புருக்டோஸ் என்பதால் குடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றரும், இடையில் ஒரு சிறிய கதலிப்பழமும் எடுத்தால் மாச்சத்து 60 கிராமை எட்டும். முதல் போட்டிக்கு அதுவே போதும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் போதாது. உப்புப் போடாமல் அதை மட்டும் நம்பாதீர்கள். ஜீவனி என்னும் உப்புக்கரைசல் வயிற்றோட்டத்துக்கென்று செய்தது: உப்பு நிறைய, சீனி குறைய. அது தாகத்துக்கு உதவும், சக்திக்கு உதவாது. போட்டியன்று காலைச் சாப்பாடு மூன்று மணித்தியாலத்துக்கு முன்: இடியப்பம், கொஞ்சம் சொதி, வாழைப்பழம். சம்பலும் தேங்காய்ப்பூ நிறைந்த பிட்டும் அன்றைக்கு மட்டும் வேண்டாம், கொழுப்பும் நாரும் வயிற்றில் தங்கி ஓட்டத்தில் குத்தும். வலிக்குமென்று நினைத்து முன்கூட்டியே வலிமாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. நீர் வற்றிய உடலில் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். போடவே போடாதீர்கள்.

வாரத் திட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், மூன்று ஓட்டம்; நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர், ஒன்றரைக்கு மேல் கூட்டாமல் 17, 18 வரை கொண்டுபோவது; நான்காவது வாரம் மூன்றிலொரு பங்கைக் குறைப்பது; நீண்ட சைக்கிளால் இறங்கியதும் சப்பாத்தை மாற்றி 15 நிமிடம் ஓடுவது. அந்த 15 நிமிடத்தில் கால் மரக்கட்டை போல இருக்கும். பழகப் பழக அது ஐந்து நிமிடத்தில் இளகும். 35 ஐ நெருங்கிவிட்டீர்கள். சீனி வருத்தமோ பிறசரோ, குடும்பத்தில் இளவயது மாரடைப்போ இருந்தால் தொடங்குமுன் வைத்தியரிடம் காட்டி ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

எட்டு மாதத்தில் இலக்கை இரண்டு தடவை திறந்து பார்க்க வேண்டும். முதலாவது, போட்டிக்கு எட்டு வாரம் முன்: கடலில் 1,900 மீற்றர் நிற்காமல், 80 கி.மீ. சைக்கிளோடு 15 நிமிட ஓட்டம், தனியாக 15 கி.மீ. ஓட்டம். மூன்றும் முடிந்திருந்தால் 7.40 நிற்கிறது. நீச்சல் மட்டும் முடியவில்லை என்றால் அந்தப் போட்டிக்கு இறங்காதீர்கள். நீச்சலை "சமாளிப்போம்" என்று விட முடியாது. 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. உள்ள ஒலிம்பிக் தூரத்துக்கு மாறுங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். மற்ற இரண்டில் ஒன்று குறைந்தால் இலக்கை 8.10 க்கு மாற்றி, ஓட்டத்தில் ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே பிடியுங்கள். களைத்த பிறகு நடக்கத் தொடங்குகிறவர் மறுபடி ஓடுவது அபூர்வம். களைக்குமுன் நடப்பவர் கடைசி வரை ஓடுவார்.

இரண்டாவது, மூன்று வாரம் முன், ஒத்திகை: 1.5 கி.மீ. நீச்சல், 70 கி.மீ. சைக்கிள், 8 கி.மீ. ஓட்டம், போட்டி உடை, போட்டி உணவு, போட்டி மணி. கடைசி மூன்று கிலோமீற்றரின் வேகம் முதல் மூன்றைவிட எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கிலோமீற்றருக்கு 30 விநாடிக்குள் என்றால் சைக்கிள் வேகம் சரி. ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் போட்டியில் சைக்கிள் சராசரியை ஒன்று, ஒன்றரை கிலோமீற்றர் குறையுங்கள். இரண்டிலும் அடங்காமல் நடுவில் நின்றால் அரைக் கிலோமீற்றர் குறைத்தால் போதும். அதன் பிறகு பயிற்சியைக் கூட்டுவதில் பயனில்லை. கடைசிப் பத்து நாள் அளவைப் பாதியாக்கி நித்திரையைக் கூட்டுங்கள்.

போட்டியன்று நீச்சல் தொடக்கத்தில் பின்வரிசையில், ஓரமாக நில்லுங்கள். நடுவில் கையும் காலும் மோதும்போது மூச்சு அடைத்தால் மல்லாந்து படுத்து, பத்துத் தடவை நீளமாக மூச்சை வெளியே விட்ட பிறகு தொடருங்கள். அந்த ஒரு நிமிடம் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

சைக்கிள் கைபிடியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி, அழியாத பேனையால் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி: 30 வரை 24, அதாவது முதல் 30 கி.மீ. மணிக்கு 24 கி.மீ. இரண்டாவது: 15 நிமிடம், மிடறு, அதாவது 15 நிமிடத்துக்கு ஒரு மிடறு. மூன்றாவது: இறங்கி, 8 நிமிட ஓட்டம். மூன்றாவது வரி, முதல் மூன்று கிலோமீற்றரைக் கிலோமீற்றருக்கு எட்டு நிமிடத்தில் ஓடுவதற்கு. 2.45 என்றால் கிலோமீற்றருக்கு 7 நிமிடம் 49 விநாடி. அந்த மூன்றில் நீங்கள் பின்தங்குவது அரை நிமிடம்தான். மூன்று கிலோமீற்றர் முடிந்ததும் உடலைக் கேட்டு, கிலோமீற்றருக்கு 7 நிமிடம் 40 விநாடிக்கோ 7 நிமிடம் 50 விநாடிக்கோ மாறிக்கொள்ளலாம்.